ஐப்பசி மழையும் ந.க. எண்ணும்

என் ஆய்வுக்கு அனுமதி கேட்டு மூன்றாவது தடவையாகச் சிவகங்கை அலுவலகத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தேன். கல்லல் பக்கம் வரும்போது பஸ் ஜன்னலில் சாரல் அடித்தது. போனை எடுத்தால் ஆச்சி இரண்டு முறை கூப்பிட்டிருந்தார்கள்.

"எங்கத்தா இருக்கே? வளவுக்குள்ள தண்ணி கொட்டுது, தெரு வாய்க்கால் நெறஞ்சு ஓடுது. நீ வருவே வருவேன்னு வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன்."

ஆச்சி வீடு கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில். காரைக்குடியில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது மணி ஆறரை. வாய்க்காலில் சேறும் இரண்டு பிளாஸ்டிக் கவரும்தான் கிடந்தன. வருஷம் முழுக்கக் காத்திருந்த மழை, நான் ஒரு கவுண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது பெய்து முடிந்துவிட்டது. அதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

என் முனைவர் பட்ட ஆய்வு, செட்டிநாட்டு ஊரணிகளுக்கு, அதாவது ஊர்க் குளங்களுக்கு, மழைத் தண்ணீர் வந்து சேரும் வழியைப் பற்றியது. இங்கே பழைய வீடுகளில் நாலு பக்க ஓட்டுக்கூரையும் வளவை, அதாவது நடு முற்றத்தை, பார்த்துச் சரிந்திருக்கும். முதல் மழையில் ஓட்டுத் தூசியும் புறா எச்சமும் கழுவிப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அடுத்த மழைக்குத்தான் வேட்டியைக் கட்டி அதன் கீழே அண்டா வைப்பது. அண்டா நிறைந்து வழிவது வளவு மூலையில் உள்ள கல் துவாரம் வழியாகத் தெரு வாய்க்காலுக்குப் போகும், அங்கிருந்து ஊரணிக்கு. ஊரணி நிறைந்தால் கண்மாய்க்கு. இதை அளக்க வேண்டுமானால் தண்ணீர் ஓட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை என்றாலும், வாய்க்கால் நிறைந்து ஓடும்படி பெய்வது சில நாட்கள்தான். அந்த நாளில் ஆள் அங்கே நிற்கவில்லை என்றால் அந்தக் கணக்கு போனது போனதுதான்.

வாய்க்காலில் நீர்மட்டம் பார்க்க ஓர் அளவுகம்பு நட வேண்டும், பழைய கிராம வரைபடத்தின் நகல் வேண்டும். இந்த இரண்டுக்காகத்தான் அலைந்தேன். ஊராட்சியில் கேட்டபோது மரியாதையாகவே பேசினார்கள். "மேல இருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க மேடம், நாங்களே ஆள் விட்டு நட்டுத் தர்றோம்" என்றார்கள். அந்த 'மேல' என்பது எது என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது.

முதல் தடவை போனபோது துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொண்டுபோனேன். எழுத்தர் அதை மேலிருந்து கீழாகப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், மேஜை மேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"ந.க. எண் எங்கம்மா?"

அலுவலகக் கடிதத்தின் தலையில் போடும் கோப்பு எண்ணைத்தான் கேட்டார். கடிதத்தில் தேதி இருந்தது, முத்திரை இருந்தது, எண் இல்லை. எண் இல்லாத கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்ற முடியாதாம். விதி அப்படி என்றால் சரி. ஆனால் அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்டது ஒரு நொடி, அதைக் கேட்க நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது காலை பத்தரையிலிருந்து மூன்று மணி வரை. உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோ கொடுக்கும் கடிதத்தை அலுவலகத்தை விட்டு வெளியே வரும் முன்பே பாருங்கள். எண், தேதி, பெறுநரின் சரியான பதவிப் பெயர் மூன்றும் இருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை அதிகாரி கூட்டத்துக்குப் போயிருந்தார். மூன்றாம் தடவை, அதாவது அந்த மழை நாளில், "ஊரணியா? அது எங்க கணக்குல வராதே" என்றார்கள். இதைத் தெரிந்துகொள்ளத்தான் மூன்று பயணம். யாரும் எனக்குச் சொல்லாததால் இங்கே எழுதுகிறேன்: நூறு ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய்கள், முன்பு பொதுப்பணித் துறையில் இருந்து இப்போது தனியாகப் பிரிந்திருக்கும் நீர்வளத் துறையின் கையில். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருக்குள் இருக்கும் ஊரணி பெரும்பாலும் ஊராட்சி. கோயில் ஊரணி என்றால் கோயில் நிர்வாகத்தையும் கேட்க வேண்டும். விண்ணப்பம் எழுதும் முன், கிராமத்து நிலங்களின் பதிவேடான அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே என்ன வகைப்பாடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். கிராமப்புறப் புல எண்களுக்கு அ-பதிவேடும் புல வரைபடமும் அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கின்றன, அதற்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. பழைய வரைபடத்தில் அளவு லிங்க்ஸில் இருந்தால் கவனம்: நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அறுபத்தாறு அடி. மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு மொத்தமும் கெட்டுவிடும்.

அந்த மழை நாளன்று வீட்டுக்குப் போனபோது மகள் தூங்கிவிட்டாள். அவளுக்கு ஐந்து வயது. காலையில் லேசாக உடம்பு சுட்டது. "நீ போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்று அத்தை அனுப்பிவைத்தார்கள். மழையும் கிடைக்கவில்லை, காய்ச்சலோடு கிடந்த பிள்ளை பக்கத்திலும் நான் இல்லை. அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம், இந்த ஆய்வை விட்டுவிடலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை வேட்டங்குடி போவோம், பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார்.

போனோம். திருப்பத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்களைச் சேர்த்து 1977-ல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. கருவேல மரங்களில் வெள்ளை வெள்ளையாக நத்தைக்குத்தி நாரைகள். ஒன்று கரையோரமாக இறங்கி, தலையைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு நத்தையை எடுத்தது. அலகு இரண்டும் நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருக்கும் பறவை அது. நத்தையின் ஓட்டைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு எதையோ நெம்பியது, சதை மட்டும் அலகோடு வந்தது. மகள் மூச்சே விடாமல் பார்த்தாள். பிறகு கேட்டாள், "தண்ணி வரலேன்னா இது எங்கம்மா போகும்?"

ஒரு வார்த்தை இங்கே: சரணாலயத்தில் பார்க்க மட்டும் போங்கள். அளவெடுப்பது, கணக்கெடுப்பது என்று ஆய்வாகச் செய்தால் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 28-வது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். எனக்கு இன்னொரு அலைச்சலுக்குத் தெம்பில்லை. அங்கே நான் டேப்பை வெளியே எடுக்கவே இல்லை.

ஆனால் அந்தக் கரையில்தான் எனக்கு வழி கிடைத்தது. மகள் சுள்ளிகளைப் பொறுக்கி, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் விட்டுக்கொண்டிருந்தாள், அது போவதோடு கூடவே ஓடினாள். மிதக்கும் பொருள் ஒரு தூரத்தைக் கடக்கும் நேரத்தை வைத்து, மிதவை முறையில் அளக்கலாம் என்று முதுகலை முதல் வருஷத்திலேயே படித்ததுதான். கம்பு நட வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். அளவுகம்பு என்ற ஒன்றையே பிடித்துத் தொங்கிக்கொண்டு இதை மறந்துபோனேன்.

அடுத்த மழை பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. அத்தை ஆறு எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டு, "பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போ, அவளும் பாக்கட்டும்" என்றார்கள். வாய்க்காலில் பத்து மீட்டர் தூரத்துக்கு இரண்டு கயிறு கட்டினோம். மேல் கயிற்றுக்குச் சற்று முன்னாலேயே மகள் பழத்தைப் போடுவாள், கீழ்க் கயிற்றைத் தாண்டும்போது "இப்போ!" என்று கத்துவாள், நான் போனில் நிறுத்துவேன். இருபத்தைந்து நொடி. இருபத்தாறு. இருபத்து நாலு. அகலம் 1.2 மீட்டர், ஆழம் 30 செ.மீ. மேல்மட்ட வேகத்தை 0.85-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும், அடியில் ஓட்டம் மெதுவாக இருப்பதால். கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 122 லிட்டர். ஆச்சி முகப்பில் நின்று குடையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை அண்டாத்தா அது?" என்று கேட்டார்கள். நொடிக்கு ஓர் அண்டா என்றேன். ஆச்சி குடையை மடக்கிவிட்டு மழையிலேயே இறங்கி வந்து வாய்க்காலை எட்டிப் பார்த்தார்கள்.

வரைபடத்துக்குக் கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் கை கொடுத்தது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். இருபத்தொன்பதாம் நாள் பதில்: கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை. வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3) பிரிவின்படி அவர்களே ஐந்து நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும், இதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்தேன். அதில் "நகல் தர இயலாது எனில் கோப்பை நேரில் பார்வையிட அனுமதிக்கவும்" என்று ஒரு வரி சேர்த்தேன். முதல் ஒரு மணி நேரப் பார்வைக்குக் கட்டணம் கிடையாது. இந்த வரியை முதல் மனுவிலேயே எழுதுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் நகலில் தபால் பிரிவின் முத்திரை வாங்காமல் நகராதீர்கள். மேல்முறையீட்டில் என்னைக் காப்பாற்றியது அந்த முத்திரைதான்.

மார்ச்சில் வரைபடம் கையில் வந்தது. அதில் வாய்க்கால் ஊரணி வரை அறுபடாமல் போகிறது. தரையில் போய்ப் பார்த்தால், முக்கால் வழியில் சிமெண்ட் சாலையை உயர்த்திப் போட்டிருக்கிறார்கள், அடியில் ஒரு குழாய்கூட இல்லை. நாங்கள் அளந்த தண்ணீரில் பாதிக்கு மேல் அங்கே முட்டிக்கொண்டு பக்கத்துப் புஞ்சையில் பரவியிருக்கிறது. ஆச்சி எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: "ஊரணிக்குத் தண்ணி வர்றதில்லத்தா." வரைபட நகலையும் எங்கள் அளவையும் இணைத்து ஊராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறேன். குழாய்ப் பாலத்துக்கு அளவெடுக்க ஆள் வந்து போனார்கள்.

குழந்தை வைத்துக்கொண்டு ஆய்வு செய்யும் பெண்களுக்கு ஒன்று. 2022-ம் வருஷத்து யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கு உச்சவரம்பு ஆறு வருஷம், மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷம் வரை தளர்வு கொடுக்கலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் வரை கிடைக்கும். "அப்படி ஒண்ணும் கிடையாது" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. விதியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் படிவம் வெளியே வந்தது.

இந்த வருஷத்துக்கான விண்ணப்பத்தை மாசியிலேயே கொடுத்தேன், எண்ணும் தேதியும் பதவிப் பெயரும் சரியாக. ஆவணியில் ஒரு பக்கக் கடிதமாக அனுமதி வந்தது. போன வாரம் ஊராட்சி ஆட்கள் சொன்னபடியே வந்து அளவுகம்பை நட்டுக் கொடுத்தார்கள். கம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டியது என் மகள். பத்தாவது பட்டை கொஞ்சம் கோணல், அதை அப்படியே விட்டுவிட்டேன்.