ஹீப்ரு பல்கலைக்கழகம் போகிறீர்களா? முதலில் வளாகத்தைப் பாருங்கள்

ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்கள் எடுத்த எடுப்பில் ஹாஸ்டலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உங்கள் துறை எந்த வளாகத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அறை தேடுங்கள். கலை, சமூக அறிவியல், சட்டம் எல்லாம் ஸ்கோபஸ் மலையில். இயற்பியல், வேதியியல், கணினி கிவாத் ராமில். மருத்துவம் ஐன் கெரெமில், ஹதாசா மருத்துவமனையை ஒட்டி. வேளாண்மைக்காரர்களுக்கு ஜெருசலேமே கிடையாது. டெல் அவிவுக்குத் தெற்கே ரெஹோவோத் ஊருக்குப் போக வேண்டும்.

இப்படிச் சிதறியதற்குக் காரணம் உண்டு. 1925-இல் திறந்த பல்கலைக்கழகம் ஸ்கோபஸ் மலையில்தான் இருந்தது. 1948 போரில் அந்த மலை ஜோர்டான் வசமிருந்த பகுதிக்கு நடுவே தீவுபோல மாட்டிக்கொண்டது. வகுப்புகள் நகரத்துக்குள் வந்தன, 1950-களில் கிவாத் ராம் எழுந்தது. 1967 போரில் சுற்றுப் பகுதி இஸ்ரேல் வசமான பிறகு மலை வளாகத்தைத் திரும்பக் கட்டியபோது கோட்டைமாதிரி ஒரே தொடராகக் கட்டிவிட்டார்கள். அதனால் புதிதாகப் போகிறவர்கள் அங்கே வழி தவறுவது சகஜம். சரிவில் கட்டியிருப்பதால், ஒரு பக்கம் தரைத்தளமாக இருப்பது மறுபக்கம் மாடியாக இருக்கும். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஒருநாள் போய் அறைகளைக் கண்டுபிடித்து வையுங்கள். அப்படியே கிழக்கே திறந்தவெளி அரங்கம் வரை நடந்தால் யூதேயப் பாலைவனம் கண்முன்னே விரியும்.

நான் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு) செய்தது கிவாத் ராமில். புல்வெளியும் தனித்தனிக் கட்டடங்களுமாக, நடக்க இதமான வளாகம். வெள்ளைக் குவிமாடம் போட்ட சிறிய யூதத் தொழுகைக்கூடம் ஒன்று உண்டு, அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். 2023-இல் திறந்த தேசிய நூலகத்தின் புதிய கட்டடமும் பக்கம்தான். ஆய்வகத்தில் எழுத முடியாத நாட்களில் நான் போய் உட்கார்ந்தது அதன் வட்ட வாசிப்புக்கூடத்தில்.

சாப்பாட்டு விஷயம் கவனம். கேண்டீன்கள் கோஷர் என்ற யூத உணவு விதிப்படி நடப்பவை. இறைச்சிக்குத் தனி, பால் பொருளுக்குத் தனி. மைக்ரோவேவிலும் எதற்கு எது என்று ஒட்டியிருப்பார்கள். ஹீப்ரு படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டு டப்பாவை உள்ளே வையுங்கள். சைவக்காரர்களுக்குப் பால் கேண்டீன் வசதி, ஆனால் அங்கே மீன் இருக்கலாம். மீனை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை!

வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். 2002-இல் ஸ்கோபஸ் மலை கேண்டீனில் குண்டு வெடித்து 9 பேர் இறந்த இடம் அது, முகம் சுளிக்காதீர்கள். அறை பார்க்கும்போது பாதுகாப்பு அறையோ பதுங்கு அறையோ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். ஏவுகணைத் தாக்குதல் சைரன் ஒலித்தால் அங்கேதான் ஓட வேண்டும்.

வார விடுமுறை வெள்ளி, சனி. யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் வெள்ளி பிற்பகலிலிருந்து சனி இரவு வரை பஸ் ஓடாது, நூலகமும் மூடியிருக்கும். காய்கறியை வியாழன் மாலையே மஹனே யெஹுதா சந்தையில் வாங்கிவிடுங்கள். வெள்ளி மதியம் கடை கட்டும் நேரத்தில் விலை குறையும், உண்மைதான். கூட்டத்தில் நசுங்கி கடைசி பஸ்ஸைப் பிடிக்கத் தெம்பு இருந்தால் அதையும் பார்க்கலாம்.