கோத்தகிரியில் கடலடிச் சேறு கரைத்தோம்

ஆழ்கடல் தரையில் கிடக்கும் மாங்கனீசு முடிச்சுகளை, அதாவது உலோகங்கள் செறிந்த சிறு கட்டிகளை, அள்ளும் எந்திரம் என்றதும் எல்லோரும் முதலில் அழுத்தத்தைத்தான் கேட்கிறார்கள். அவ்வளவு ஆழத்தில் நசுங்கிவிடாதா என்று. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, ஆகவே கேள்வி நியாயம்தான். ஆனால் மோட்டாரை எண்ணெய் நிரப்பிய பெட்டிக்குள் வைத்து, உள்ளும் புறமும் அழுத்தத்தைச் சமமாக்க வழி இருக்கிறது. எங்களைப் படுத்தியது சேறு. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக நானும் என் தோழியும் அந்தச் சேற்றோடு நாலு மாதம் கிடந்தோம். இதே போல இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

2021 ஏப்ரலில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வராஹா கிராலர் (டாங்கி போலப் பட்டைகளில் ஊர்ந்து போகும் எந்திரம்), மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓடியது. அந்தப் படுகையில் நமக்கு 75,000 சதுர கிலோமீட்டரில் ஆய்வு உரிமை உண்டு. 2024 அக்டோபரில் அந்தமான் கடலில் 1,173 மீட்டரிலிருந்து நூறு கிலோவுக்கு மேல் முடிச்சுகளை எடுத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோதுதான் தலைப்பை முடிவு செய்தோம்: பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு கிராலர்.

கோவையில் கல்லூரிக்குள் தொட்டி கட்ட இடம் இல்லை. என் அப்பா கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ஃபேக்டரிக்குப் பின்னால் சும்மா கிடந்த சிமெண்ட் தொட்டியை முதலாளியிடம் கேட்டு வாங்கித் தந்தார். கடலடிச் சேற்றுக்குப் பதிலாக, போர்வெல்காரர்கள் பயன்படுத்தும் பெண்டோனைட் என்ற களிமண் மாவை மூட்டையாக வாங்கிவந்து கரைத்தோம். ஜனவரிக் குளிரில் இங்கே தோசை மாவே புளிக்க அடம்பிடிக்கும், பெண்டோனைட்டும் அப்படித்தான். கட்டி இல்லாமல் ஊற மூன்று நாள் ஆனது. அவசரப்பட்டுக் கலக்கினால் உள்ளே உலர்ந்த உருண்டைகள் நின்றுவிடும், அளவு எல்லாம் பொய்யாகும்.

கடலடிச் சேற்றின் வலிமை சில கிலோபாஸ்கல்தான். அதை அளக்க நாலு தகடுகளைக் கூட்டல் குறி போலப் பற்றவைத்து ஒரு கம்பியில் மாட்டினோம். விட்டம் 5 செ.மீ., உயரம் 10 செ.மீ. சேற்றுக்குள் இறக்கி, 20 செ.மீ. கைப்பிடியின் நுனியில் தராசு வைத்து இழுக்க வேண்டும். சேறு அறுபடும் நேரத்தில் 700 கிராம் காட்டினால் வலிமை ஏறக்குறைய 3 கிலோபாஸ்கல். அந்தப் பதத்துக்குக் கொண்டுவந்து கிராலரை இறக்கினோம். அழகாக ஓடியது. திரும்பச் சொன்னால் திரும்பியது. வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினோம்.

கைடு மேடம் அதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்திரத்தைச் சுருக்கினீர்கள், சேற்றைச் சுருக்கினீர்களா?"

அன்று இரவு தூக்கமே வரவில்லை. நீள அகல உயரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது. பட்டை தரையில் படும் பரப்போ நூறில் ஒன்றுதான் ஆகிறது. அப்படியானால் சேற்றின் மேல் விழும் சுமை பத்தில் ஒரு பங்கு. அப்போது சேறும் பத்தில் ஒரு பங்கு வலிமையோடு இருந்தால்தான் சோதனைக்கு அர்த்தம். நாங்கள் குழந்தையைத் தார் ரோட்டில் நடக்கவிட்டு, சேற்றில் நடந்தது என்று சொல்லியிருக்கிறோம். மாதிரி செய்கிற எவரும் இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

சேற்றை 300 பாஸ்கலுக்கு இளக்கினோம். பழைய தகடு அதை உணரவே இல்லை. இரண்டு மடங்கு பெரிதாக இன்னொன்று செய்தோம். இப்போது நேராகப் போகும்போது கிராலர் தாங்கியது. திரும்பியதுதான் தாமதம், உள்பக்கப் பட்டை வழுக்கி, தனக்குத்தானே குழி பறித்து வயிறு வரை இறங்கிவிட்டது. எட்டு முறை கயிறு கட்டி இழுத்தோம். கடலில் ஐந்து கிலோமீட்டர் கீழே யார் கயிறு கட்டுவது?

அப்பா வந்து குனிந்து பார்த்தார். "பவரைக் கூட்டாதே கண்ணு, கூட்டக் கூட்டப் பறிக்கும்" என்றார். பட்டையின் பற்களை உயரமாக்கி இடைவெளியை அதிகமாக்கினோம். பின்பக்கம் தெர்மாகோல் வைத்து எடையைச் சமன் செய்தோம். நின்ற இடத்தில் திரும்புவதை விட்டு, பெரிய வளைவாகத் திரும்ப வைத்தோம். பிப்ரவரிக் கடைசியில் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்தது.

கிராலரில் முடிச்சுகளை அள்ளுவதற்கு வைத்த சீப்பு அவ்வளவு தொல்லை தரவில்லை. முடிச்சுகளுக்குப் பதிலாக முதலில் சின்ன உருளைக்கிழங்குகளைப் போட்டோம், மலையில் அதற்கா பஞ்சம்? அளவு பொருந்தியது, எடை பொருந்தவில்லை. கிழங்கு தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். முடிச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்புறம் செங்கல் துண்டுகளை உருட்டித் தேய்த்துப் போட்டோம்.

கடைசிப் பாடு கலங்கல். சீப்பு ஓடிய ஒரு நிமிடத்தில் கேமராவுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டு நாள் காத்திருந்தும் தெளியவில்லை. நல்ல தண்ணீரில் பெண்டோனைட் அப்படியே மிதக்கும், உப்பு நீரில்தான் துகள்கள் ஒட்டித் திரளும் என்பது அப்போதுதான் உறைத்தது. 600 லிட்டருக்கு 21 கிலோ கல் உப்பு கரைத்தோம். உப்பு பட்டதும் சேற்றின் பதமும் மாறியதால் எல்லா அளவையும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் இரண்டு தடங்கள், பற்களின் பதிவு ஒவ்வொன்றாக. பசிபிக்கில் 1979-ல் ஓட்டிய சோதனை எந்திரத்தின் தடம் 44 ஆண்டுகள் கழித்தும் கடலடியில் இருந்தது என்று படித்திருந்தேன். பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளரும் முடிச்சுகள் கிடக்கும் தரை அது. அறிக்கையில் எவ்வளவு அள்ளினோம் என்ற அட்டவணைக்குப் பக்கத்திலேயே எவ்வளவு கலக்கினோம் என்ற அட்டவணையையும் வைத்தோம். மேடம் கேட்கவில்லை, நாங்களாகத்தான் வைத்தோம்.

எல்லாம் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்யப் போனோம். உப்புச் சேற்றைச் சரிவில் கொட்டவே கூடாது, தேயிலைச் செடி கருகிவிடும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்து மூட்டை கட்டினோம். கோடைமழைக்குப் பயந்து தினமும் சாயங்காலம் சுருட்டி வைத்தோம், பதினெட்டு நாள்.