லிவர் மெதுவா உள்ள இறங்குதா? வீட்லயே மாஸ்டர் சிலிண்டர் கிட்டு மாத்தினது

ரெண்டு மாசமாவே முன் பிரேக்ல ஏதோ சரியில்லைன்னு கைக்குத் தெரிஞ்சுட்டே இருந்துச்சு, ஆனா என்னன்னு சொல்லத் தெரியல. புடிச்சா வண்டி நிக்குது, டிஸ்க் ஆயில், அதாவது பிரேக் ஆயில், குறையல, எங்கயும் ஒழுகல. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் எண்ணூர் ரோட்டுல முன்னாடி ஒரு கண்டெய்னர் லாரி, பின்னாடி ஒரு கண்டெய்னர் லாரி, நடுவுல நான், சிக்னல்ல முன் பிரேக்கைப் புடிச்சபடி நின்னுட்டு இருக்கேன். டைமர் 80லருந்து இறங்கிட்டு வருது, என் விரலுக்கு அடியில லிவரும் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. நான் அழுத்தத்தைக் கூட்டவே இல்ல, சும்மா ஒரே மாதிரிதான் புடிச்சிருக்கேன். பச்சை விழும்போது லிவர் கைப்பிடியைத் தொட்டுருச்சு. விட்டுட்டு திரும்பப் புடிச்சா பழையபடி கெட்டியா நிக்குது. அன்னைக்கு வீடு வர்ற வரைக்கும் முப்பதைத் தாண்டல, பின் பிரேக்கை நம்பித்தான் வந்தேன்.

வண்டி 2012 மாடல், 150 சிசி, அப்பா ரிட்டயர் ஆன வருஷம் வாங்கினது. முன்னாடி டிஸ்க், பின்னாடி ட்ரம், சக்கரம் பூட்டிக்காம தடுக்கிற ஏபிஎஸ் கிடையாது. திருவொற்றியூர்ல கடலுக்குப் பக்கத்துலயே இத்தனை வருஷமா நிக்குது, அதனால உப்புக்காத்து தொடாத ஸ்க்ரூ ஒண்ணு கூட கிடையாது.

பிரேக் சரியில்லைன்னு சொன்னா உடனே எல்லாரும் சொல்றது "ஏர் புடிச்சிருக்கும், ஏர் எடுத்தா சரியாயிடும்"னுதான். ஆனா இது அது இல்ல. ஏர் இருந்தா லிவர் ஸ்பாஞ்ச் மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கும், நாலு தடவை வேகமா அடிச்சா கெட்டியாகும். எனக்கு முதல் அமுக்குலயே கெட்டியாத்தான் இருந்துச்சு, புடிச்சே வச்சிருந்தாதான் இறங்குச்சு. வெளியில ஒழுகாம லிவர் இறங்குதுன்னா ஆயில் உள்ளுக்குள்ளேயே இடம் மாறுதுன்னு அர்த்தம், அதாவது லிவர் பக்கத்துல இருந்து ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ல முன்பக்க ரப்பர் கப் போயிடுச்சு.

இதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடறேன், ஏன்னா இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. லிவரை இழுத்தா அது ஒரு சின்ன பிஸ்டனைத் தள்ளும். அந்த பிஸ்டன்ல ரெண்டு ரப்பர் கப் இருக்கும். மேல இருக்கிற ஆயில் டப்பாவுலருந்து சிலிண்டருக்குள்ள ரெண்டு ஓட்டை வரும், ஒண்ணு பெருசு, இன்னொண்ணு ஊசி முனை அளவுக்குத்தான் இருக்கும். பிஸ்டன் நகர்ந்து முன்னாடி கப் அந்த ஊசி ஓட்டையைத் தாண்டினதும் வழி அடைஞ்சிடும், அதுக்கப்புறம்தான் பிரஷர் ஏறி ஓஸ் வழியா, சக்கரத்துகிட்ட டிஸ்க்கைக் கவ்வுற கேலிப்பருக்குப் போகும். அந்தக் கப்போட உதடு தேஞ்சிருந்தா ஆயில் அதைச் சுத்திப் பின்னாடி நழுவி, பெரிய ஓட்டை வழியா திரும்ப டப்பாவுக்கே போயிடும். அதனாலதான் சொட்டு கூட வெளியில தெரியல, லெவலும் குறையல. ரெண்டாவது கப் போயிருந்தா கதை வேற, லிவருக்குப் பக்கத்துல இருக்கிற டஸ்ட் ரப்பர் நனைஞ்சிருக்கும்.

இதுல பயமான விஷயம் என்னன்னா, சடக்குன்னு இறுக்கிப் புடிச்சா அந்த பிரஷரே கப்போட உதட்டை விரிச்சு சுவரோட ஒட்ட வச்சிடும், அப்ப பிரேக் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். மெதுவா, ஒரே சீரா புடிக்கும்போதுதான் நழுவும். ரெண்டு மாசம் எனக்குப் புடிபடாம போனதுக்கு இதுதான் காரணம். அதனால தயவுசெஞ்சு இன்னைக்கே உங்க வண்டியில ஒருதடவை பாருங்க, வண்டியை நிறுத்தி வச்சு லிவரை மிதமா இழுத்துப் புடிச்சு மனசுக்குள்ள அறுபது எண்ணுங்க. இறங்கக் கூடாது, கொஞ்சம் கூட இறங்கக் கூடாது.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா கணக்கு அப்படி. சுலபமா ஒரு உதாரணம், மாஸ்டர் பிஸ்டன் அரை இஞ்ச், கேலிப்பர்ல ஒரு இஞ்ச் பிஸ்டன் ரெண்டுன்னு வச்சுக்கங்க. பரப்பளவு 8 மடங்கு, அதனால விசையும் 8 மடங்கு, ஆனா அதுக்கு விலையா தூரம் எட்டுல ஒண்ணு ஆயிடும். மாஸ்டர் பிஸ்டன் 1 மி.மீ. நகர்ந்தா டிஸ்க்கை அழுத்துற பேட் 0.125 மி.மீ.தான் நகரும். அதனாலதான் துளி ஆயில் நழுவினாலும் லிவர்ல அவ்ளோ பெருசாத் தெரியுது.

கப் ஏன் போச்சுன்னு யோசிச்சா அதுல என் தப்பும் இருக்கு. டிஸ்க் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும், நான் மாத்தல, குறைஞ்சா ஊத்தினதோட சரி. டிஸ்க் ஆயில் பாட்டில்ல போட்டிருக்கிற தரம்தான் டாட்; டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூணுமே கிளைக்கால் வகை, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், அதுலயே 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிடுது. கடலோரத்துல அந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்ல. தண்ணி அலுமினியத்தை அரிக்கும், அரிச்ச பொடி ரப்பரைத் தேய்க்கும். டப்பா மூடியைத் தொறந்தப்போ உள்ள டீ டிகாக்ஷன் கலர்ல இருந்துச்சு, பாக்கவே மனசு கஷ்டமாயிடுச்சு.

கிட்டு, சென்னையில ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜிபி ரோட்டுல கிடைச்சுது. பிஸ்டன், ரெண்டு கப், ஸ்பிரிங், பிஸ்டனை வெளியில வராம புடிச்சு வைக்கிற சர்கிளிப் வளையம், டஸ்ட் ரப்பர் எல்லாம் ஒரே கவர்ல. பழைய பிஸ்டனைக் கழட்டிக் கொண்டுபோய் பக்கத்துல வச்சு அளந்து வாங்கினா நிம்மதி, ஒரே கம்பெனியில கூட மாடலுக்கு மாடல் சைஸ் மாறும். கூடவே ஓஸை சிலிண்டரோட இணைக்கிற பேஞ்ஜோ போல்ட்டுக்கு புது வாசர், சீல் பிரிக்காத சின்ன டாட் 4 பாட்டில், சிவப்பு ரப்பர் கிரீஸ். மெடிக்கல் ஷாப்ல 50 மில்லி சிரிஞ்ச், கொஞ்சம் டியூப். மூக்கு நீளமான உள் சர்கிளிப் ப்ளையர் கண்டிப்பா வேணும், வேற எதை வச்சும் முயற்சி பண்ணாதீங்க.

கழட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டேங்க்கை ஈரத்துணி போட்டு மூடுங்க. டிஸ்க் ஆயில் பெயின்டைத் தின்னுடும். நான் மூடினேன், ஆனா மட்கார்ட்ல ஒரு சொட்டு விழுந்ததை கவனிக்கல, அரை மணி நேரத்துல அந்த இடம் சுருங்கிடுச்சு. விழுந்தா துடைச்சா மட்டும் போதாது, உடனே தண்ணி ஊத்திக் கழுவணும்.

டப்பா மூடியில ரெண்டு ஸ்க்ரூ, ரெண்டும் உப்புல உறைஞ்சு கிடந்துச்சு. இங்கதான் நிறைய பேர் ஸ்க்ரூ தலையை நாசம் பண்ணிடறாங்க. சரியான சைஸ் ஸ்க்ரூடிரைவரை நிக்க வச்சு சுத்தியலால மேல நாலு தட்டு தட்டிட்டு, நல்லா அழுத்திட்டே திருப்பினா வந்துடும். பழைய ஆயிலை சிரிஞ்சால உறிஞ்சிட்டு, பேஞ்ஜோ போல்ட்டைக் கழட்டி ஓஸ் முனையை பாலித்தீன் கவரால கட்டிட்டேன். லிவர், ஸ்விட்ச், கிளாம்ப் மூணும் கழட்டினா சிலிண்டர் கைக்கு வந்துடும்.

சர்கிளிப் மட்டும் ஒன்றரை மணி நேரம் எடுத்துச்சு. டஸ்ட் ரப்பரை எடுத்தா உள்ள வெள்ளையா உப்பு மாதிரி பூத்துக் கிடக்கு, கிளிப் துருப்புடிச்சு அதுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. பல் குத்துற குச்சியால சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு ஊற வச்சு, பிஸ்டனை ஒரு விரலால லேசா உள்ள அழுத்திட்டு ப்ளையரை மாட்டினேன். வரும்போது ஸ்பிரிங் தள்ளி பிஸ்டன் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கங்க. வெளியில வந்த ஒவ்வொண்ணையும் வந்த வரிசையிலேயே வெள்ளைத் துணியில அடுக்கி போட்டோ எடுத்தேன். கப்போட உதடு முன்னாடி, அதாவது ஸ்பிரிங் பக்கம் பாத்து இருக்கும், திருப்பிப் போட்டா பிரஷரே ஏறாது.

பழைய கப்பை வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். உதட்டுல ஒரு பக்கம் நெடுக ஒரு கோடு, நகத்தால தொட்டாதான் தெரியுது. ரெண்டு மாசமா லிவர் இறங்குனது அந்த ஒரு கோட்டாலதான்.

சுத்தம் பண்றதுல ஒண்ணே ஒண்ணு, பெட்ரோல் வேண்டாம். நம்ம ஊர்ல எந்த பார்ட்டைக் கழட்டினாலும் பெட்ரோல் டப்பாவுல போட்டுக் கழுவுறதுதான் பழக்கம், ஆனா இந்த ரப்பர் ஈபிடிஎம்னு ஒரு செயற்கை ரப்பர் வகை, பெட்ரோலோ இன்ஜின் ஆயிலோ சாதா கிரீஸோ பட்டா ஊதிப் பெருத்துடும். ஊதின கப் பிஸ்டனைத் திரும்ப விடாது, பிரேக் ஜாம் ஆகும். ஆல்கஹால் போதும், இல்லன்னா புது டிஸ்க் ஆயிலாலேயே கழுவலாம். சிலிண்டர் உள்சுவரை டார்ச் அடிச்சு நிதானமா பாருங்க. கறையா இருந்தா துடைச்சாப் போயிடும். நகம் மாட்டுற அளவுக்குக் குழியோ கீறலோ இருந்தா கிட்டு வேஸ்ட், முழு செட்டாவே மாத்திடுங்க. எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கலாம்னு சொல்லுவாங்க, செய்யாதீங்க. நிறைய சிலிண்டர்ல உள்ள ஒரு மெல்லிய கெட்டிப் படலம் இருக்கும், அது போச்சுன்னா புதுக் கப்பும் சீக்கிரமே தேஞ்சிடும். எனக்கு கறை மட்டும்தான் இருந்துச்சு, அதைப் பாத்தப்போதான் மூச்சே வந்துச்சு.

அந்த ஊசி ஓட்டை அடைஞ்சிருக்கான்னும் அப்பவே பாத்துடணும். வயர்ல இருக்கிற ஒத்தை செம்புக் கம்பியை மெதுவா விட்டு எடுத்தேன். ட்ரில் பிட்டு மாதிரி எதையும் விடக்கூடாது, ஓட்டை பெருசானாலோ உள்விளிம்புல பிசிறு வந்தாலோ கப் ஒவ்வொரு தடவையும் அதுல உரசிக் கிழியும்.

மாட்டுறப்போ கப், சிலிண்டர் ரெண்டையும் புது டிஸ்க் ஆயில்ல நனைச்சு, லேசா ஆட்டி ஆட்டி உள்ள விட்டேன். உதடு மடங்காம பாத்துக்கறதுதான் இங்க மொத்த வேலையும். சர்கிளிப் பள்ளத்துல முழுசா உக்காந்திருக்கான்னு சுத்தித் திருப்பிப் பாத்துக்கிட்டேன். டஸ்ட் ரப்பர் உள்பக்கம் கொஞ்சம் சிவப்பு கிரீஸ், லிவர் போல்ட்டுக்கும் கொஞ்சம். ஹேண்டில்பார் கிளாம்ப்ல அம்புக்குறி இருந்தா அது மேல பாக்கணும், மேல் போல்ட்டை முதல்ல முழுசா இறுக்கிட்டு அப்புறம்தான் கீழ் போல்ட்டு.

அடுத்தது ஏர் எடுக்கிறது. காஞ்ச சிலிண்டர்ங்கறதால லிவரை எத்தனை தடவை அடிச்சாலும் ஆயில் இறங்கவே இல்ல. அதனால கீழருந்து மேல ஏத்தினேன். சிரிஞ்ச் நிறைய புது ஆயில், டியூப்ல காத்து இல்லாம பாத்துட்டு, கேலிப்பர்ல ஏர் எடுக்கிறதுக்குன்னே இருக்கிற நிப்பிள்ல மாட்டி, நிப்பிளைக் கால் சுத்து தளர்த்தி மெதுவா தள்ளினா குமிழி எல்லாம் தானா மேல டப்பாவுக்கு வந்துடும். பழைய ஆயிலும் அப்படியே மேல வரும், அதை உறிஞ்சிக்கிட்டே இருக்கணும், நிரம்பி வழிய விடக்கூடாது. காத்து மேல போகத்தான் பாக்கும், அதோட போக்குல விட்டா வேலை சுலபம். சிரிஞ்ச் ரப்பர் ரெண்டு தடவைக்கு மேல தாங்காது, இறுகிடும், அதனால ரெண்டு சிரிஞ்ச் வாங்கிக்கங்க.

கடைசி ரவுண்டுக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஸ்டூல் போட்டு லிவர் பக்கம் உக்காந்தாரு, நான் கீழ ஸ்பேனரோட. "புடிங்கப்பா", நிப்பிளைத் தொறப்பேன், மூடுவேன், "இப்ப விடுங்க". மூடறதுக்கு முன்னாடி லிவரை விட்டா காத்தை உள்ள இழுத்துடும், அதை மட்டும் சொல்லி வச்சேன். எட்டாவது தடவையோ என்னவோ, அவரே "டேய், கெட்டியாயிடுச்சுடா, பாறை மாதிரி இருக்கு"ன்னாரு. ஆனா ஓஸ் மாட்டுற பேஞ்ஜோ போல்ட்டுதான் எங்க வண்டியில மேல இருக்கிற இடம், அங்க ஒரு குமிழி ஒளிஞ்சிருக்கும். லிவரைப் புடிச்சுட்டு அந்த போல்ட்டை சுத்தித் துணி வச்சு லேசா தளர்த்தி உடனே இறுக்கினப்போ அதுவும் வந்துடுச்சு.

ஒண்ணு முக்கியமா சொல்லணும். 2019 ஏப்ரல்லருந்து 125 சிசிக்கு மேல புதுசா விக்கிற எல்லா பைக்கும் ஏபிஎஸ்ஸோட வருது. அந்த வண்டிகள்ல பிரேக் பிரஷரைக் கூட்டிக் குறைக்கிற ஏபிஎஸ் மாடுலேட்டருக்குள்ள காத்து போயிட்டா இந்த சிரிஞ்ச் வேலையால முழுசா வராம போகலாம், சில வண்டிக்கு ஸ்கேனர் போட்டு பம்பை ஓட விடணும். அப்படி வண்டின்னா மேனுவலைப் பாக்காம கை வைக்காதீங்க.

அன்னைக்கு வண்டியை ரோட்டுக்கு எடுக்கல. லிவரை ரப்பர் பேண்டால இழுத்துக் கட்டி ராத்திரி பூரா விட்டேன். காலையில எந்திரிச்சதும் அதைத்தான் போய்ப் பாத்தேன், கட்டினது கட்டின இடத்துலயே நிக்குது, எல்லா ஜாயின்ட்டையும் டிஷ்யூ வச்சுத் தொட்டுப் பாத்தா காஞ்சிருக்கு. தெருவுக்குள்ளேயே நடக்கிற வேகத்துல இருபது தடவை நிறுத்திப் பாத்துட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி கையால சுத்தி, உரசாம சுத்துதான்னும் பாத்தேன். அதுக்கப்புறம்தான் அம்மாவைப் பின்னாடி உக்கார வச்சு ரேஷன் கடைக்குப் போனேன்.

நான் கீழ உக்காந்து வேலை செய்யறதைப் பாத்து பக்கத்து வீட்டு அண்ணன் அவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாரு. அவருக்கு நேர் எதிர் பிரச்சனை, கொஞ்ச தூரம் ஓட்டினதும் பிரேக் தானா இறுகிக்குது, டிஸ்க்கு கை வைக்க முடியாத சூடு. ஒரு கடையில ரெண்டு தடவை பேட் மாத்தியும் சரியாகலையாம். சூடா இருக்கும்போதே நிப்பிளை ஒரு துளி தளர்த்தச் சொன்னேன், ஆயில் பீச்சிட்டு சக்கரம் ஃப்ரீ ஆயிடுச்சு. அப்ப உள்ள பிரஷர் மாட்டிட்டு நிக்குது, ஊசி ஓட்டைதான் அடைச்சிருக்கும், இல்லன்னா பிஸ்டன் முழுசா திரும்பல. அவர் வண்டிக்கு கிட்டு சொல்லி வச்சிருக்கோம், வந்ததும் ஞாயித்துக்கிழமை கழட்டுறோம். அதுவரைக்கும் அந்த வண்டியை எடுக்கவே கூடாதுன்னு சாவியை அண்ணிகிட்ட குடுத்துட்டு வந்திருக்கேன்.