வெள்ளம் தங்கும் காணி

கனடாவில் இருக்கும் என் மைத்துனர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, கொழும்புக்குத் தெற்கே அத்திடிய பக்கத்தில் 10 பேர்ச் காணி ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், நான் ஒருமுறை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். போய்ப் பார்த்தேன். சதுப்பை நிரப்பப் புதிதாகக் கொட்டிய கிறவல் மண் சிவப்பாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் சதுப்பில் வளரும் பன்புல் பாதி புதைந்தும் பாதி நிமிர்ந்தும் நின்றது. மழை பெய்து இரண்டு நாளாகியும் காலடியில் நீர் கசிந்தது.

அருகிலுள்ள பெல்லன்வில–அத்திடிய ஈரநிலம் 1990இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 372 ஹெக்டேயர். ஆனால் பிரகடனத்தால் மட்டும் ஒரு சதுப்பு நிலம் பிழைப்பதில்லை, ஏனெனில் அதன் விளிம்புகளில் ஒவ்வொரு துண்டாக நிரப்பப்படும்போது, மழைநீர் ஒதுங்கி நிற்கும் இடமும் அதே அளவுக்குச் சுருங்குகிறது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது, கொலன்னாவையில் என் சின்னம்மாவின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இரண்டு முறை வெள்ளையடித்த பின்பும் சுவரிலுள்ள பழுப்புக் கோடு மழைக்காலத்தில் மங்கலாகத் தெரிகிறது. அந்த வெள்ளத்துக்கு மேற்பகுதியில் பெய்த பெருமழையே முதற்காரணம். எனினும் வந்த நீருக்கு இடமில்லாமற் செய்தவர்கள் நாங்கள்.

2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதலில் அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. தலைநகரின் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை இன்னும் வாழ்கிறது என்பதை எங்கள் தொடர்மாடியில் பலர் நம்புவதேயில்லை. இரவில் நீரோரம் பதுங்கி மீன் பிடிக்கும் அந்த விலங்குக்கு, ஒரு சதுப்பிலிருந்து அடுத்த சதுப்புக்குச் செல்ல வாய்க்கால் கரையோரப் புதரே வழி. அந்தக் கரையைச் சீமெந்தால் மூடிவிட்டால் பூனை தெருவுக்குத்தான் வரும், அங்கே வாகனத்தில் அடிபடும்.

மக்களுக்கு வீடு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வெள்ளவத்தையில் பழைய வீடுகள் இருந்த இடத்திலேயே தொடர்மாடிகள் எழுந்தன. நெரிசலும் வடிகால் சிக்கலும் கூடவே வந்தாலும், புகையிரதமும் பஸ்ஸும் ஓடும் மேட்டுநிலத்தில் மேல்நோக்கிக் கட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தாழ்நிலத்தை நிரப்புபவர் தம் வீட்டை உயர்த்தி, வெள்ளத்தை அயலவரின் முற்றத்துக்குத் தள்ளுகிறார்.

மைத்துனரிடம் வேண்டாம் என்றேன். விலை குறைவு என்று வருந்தினார். குறைந்த விலைக்குக் காரணம் நிலத்துக்கு அடியில் கிடக்கிறது என்று சொல்லி, நான் எடுத்த படங்களை அனுப்பினேன்.