மூடுபனிக் காலக் குறிப்புகள்: மாலையில் எழுதும் மறுநாள் அட்டவணை

டிசம்பர் 9

தில்லிக்கான மூடுபனிக் காலமாக விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வகுத்திருக்கும் நாட்கள் நாளை தொடங்கி பிப்ரவரி 10 வரை நீள்கின்றன. அங்கே பனி அடர்ந்திருக்கும் வேளைகளில் வந்து போகும் விமானங்களுக்கு, மிகக் குறைந்த பார்வைத்தொலைவிலும் கருவிகளின் துணையுடன் இறங்குவதற்கான காட் 3 பயிற்சி பெற்ற விமானிகளையே அமர்த்த வேண்டும். குருகிராமில் ஒரு விமான நிறுவனத்தின் இயக்கக் கட்டுப்பாட்டு அறையில் பணிபுரியும் எங்களுக்கு இந்த இரண்டு மாதங்களும் தனிக் காலம். நாளைக் காலையில் தில்லி எந்த மணியிலிருந்து எந்த மணி வரை தடுமாறும் என்பதை இன்று மாலைக்குள் கணித்து, அதற்கேற்ப விமானங்களையும் விமானிகளையும் எரிபொருளையும் திட்டமிடுவதே எங்கள் வேலை. அந்தக் கணிப்பு எப்படி நடக்கிறது என்பதை இந்தக் குளிர்காலம் முழுவதும் இங்கே எழுதிவர எண்ணுகிறேன்.

டிசம்பர் 17

இமயமலைப் பகுதியில் மழையும் பனிப்பொழிவும் தந்த மேற்கத்தியக் கலக்கம் (மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழைமண்டலம்) நேற்றிரவு கிழக்கே நகர்ந்துவிட்டது. மண்ணில் ஈரம் தங்கியிருக்கிறது, வானம் தெளிந்துவிட்டது, காற்றும் ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது. கங்கைச் சமவெளியில் இந்த மூன்றும் ஒருசேர அமைந்தால், இரவில் தரை தன் வெப்பத்தை வேகமாக இழக்க, அதை ஒட்டிய காற்று, ஈரம் துளிகளாகத் திரளும் பனிநிலை வரை குளிர்ந்துபோக, அதற்கு மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்றடுக்கு பாத்திரத்தின் மூடிபோல் அமர்ந்து ஈரத்தையும் புகையையும் கீழேயே அடைத்து வைக்கும். புகைக்கும் இதில் பங்குண்டு. குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிவதாலும் ஆலைகளாலும் காற்றில் சேரும் குளோரைடு துகள்கள் நீரை உறிஞ்சிப் பெருத்துப் பார்வைத்தொலைவைக் குறைப்பதைச் சென்னை ஐஐடி தலைமையிலான குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குறைந்த ஈரத்திலும் தில்லியில் பார்வைத்தொலைவு விழுந்துவிடுவதை அதன்பிறகுதான் எங்களில் பலர் சரியாக விளங்கிக்கொண்டோம்.

இன்றிரவு மூடுபனி வரும் என்று சொல்ல இப்போது பெரிய திறமை வேண்டியதில்லை. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2015-16 குளிர்காலத்தில் தில்லி விமான நிலையத்திலேயே கருவிகளை நிறுவித் தொடங்கிய மூடுபனி ஆய்வு, தரையருகே காற்று, வெப்பம், ஈரப்பதம், துகள்கள் ஆகியவை மணிக்கு மணி எப்படி மாறுகின்றன என்பதை அளந்து, கணினி மாதிரிகளை வெகுவாகத் திருத்தியிருக்கிறது. இன்னும் கடினமாக இருப்பது நேரக் கணிப்புதான். மூடுபனி இரவு இரண்டு மணிக்கு இறங்கி ஏழு மணிக்கு விலகினால், காலைப் புறப்பாடுகளைச் சற்றுத் தள்ளிவைத்துச் சமாளித்துவிடலாம். ஐந்து மணிக்கு இறங்கி பத்து மணி வரை நின்றால் அன்றைய அட்டவணை முழுவதும் சரிந்துவிடும். பனி ஒன்றே என்றாலும் விளைவு முற்றிலும் வேறு.

ஆகவே, எங்கள் வானிலைப் பிரிவிடம் “வருமா, வராதா” என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். ஆறு மணி முதல் பத்து மணி வரை ஒவ்வொரு மணிக்கும், ஓடுபாதைப் பார்வைத்தொலைவு 125 மீட்டருக்குக் கீழே போவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்கிறோம். ஆயத்தத்துக்கு ஆகும் செலவு, ஆயத்தமில்லாமல் மாட்டிக்கொண்டால் ஆகும் இழப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றால், வாய்ப்பு நூற்றுக்கு இருபதைத் தாண்டினாலே ஆயத்தம் செய்வது சரி. “பனி வராமலும் போகலாமே, எதற்கு இவ்வளவு எரிபொருள்?” என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன்.

டிசம்பர் 18, காலை

நான்கு மணி வரை எல்லாம் தெளிவாக இருந்தது. அதன்பின் அரை மணி நேரத்துக்குள் ஓடுபாதையின் தொடக்கத்தில் 800 மீட்டராக இருந்த பார்வைத்தொலைவு 100-க்கு இறங்கிவிட்டது. திரையில் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று எண்கள் வரிசையாக நிற்கும். நடு எண் 350 என்று நின்றுகொண்டிருக்கையிலேயே முதல் எண் சரிந்தது. பனி ஒரு முனையிலிருந்து ஊர்ந்து வருவதை அந்த எண்களிலேயே பார்க்க முடிந்தது. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய திருஷ்டி என்ற கருவி நம் நாட்டு ஓடுபாதைகளில் இதை அளக்கிறது. சூரியன் எழுந்ததும் விலகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் உதயத்தை அடுத்த அரை மணியில், காற்று கலையத் தொடங்கும்போது, பனி இன்னும் அடர்வதே வழக்கம். இன்றும் அப்படியே நடந்தது.

டிசம்பர் 28

மாற்று விமான நிலையங்களைப் பற்றி இன்று நீண்ட விவாதம் நடந்தது. தில்லியில் இறங்க முடியாவிட்டால் ஜெய்ப்பூர், லக்னோ, அமிர்தசரஸ் என்று எழுதிக்கொள்வது வழக்கம். இவை மூன்றிலும் காட் 3 வசதி உண்டு. ஆனால் லக்னோவும் அமிர்தசரஸும் அதே சமவெளியில், பெரும்பாலும் அதே பனிக்குள் இருக்கின்றன. ஜெய்ப்பூர் தெளிவாக இருக்கும் நாளில் எல்லா நிறுவனங்களும் அங்கேயே திரும்புவதால் நிறுத்துமிடம் நிரம்பிவிடுகிறது. தில்லி பற்றிய முன்னறிவிப்பை மட்டும் படித்துவிட்டு மாற்று நிலையத்தைத் தீர்மானிப்பது அரைகுறை வேலை என்பது என் உறுதியான கருத்து. அகமதாபாத் வரை போவதற்கான எரிபொருளை ஏற்றினால் எடை கூடும், செலவும் கூடும்; ஆனாலும் சில இரவுகளில் அதுவே பொறுப்பான முடிவு.

ஜனவரி 5

இறங்குவதைவிடப் புறப்படுவதே சிக்கல் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. காட் 3-இன் ஒரு வகையான காட் 3 பி வசதியுள்ள ஓடுபாதையில், தகுதியுள்ள விமானமும் விமானியும் இருந்தால் 50 மீட்டர் பார்வைத்தொலைவிலும் இறங்கலாம். புறப்படுவதற்கோ 125 மீட்டர் வேண்டும். பார்வைத்தொலைவு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நின்றுவிட்டால் விமானங்கள் வந்துகொண்டே இருக்கும், எதுவும் போகாது. ஒரு மணி நேரம் இப்படிக் கழிந்தால் நிறுத்துமிடங்கள் நிறைந்து, இறங்கிய விமானமும் பயணிகளுடன், ஓடுபாதையையும் நிறுத்துமிடத்தையும் இணைக்கும் டாக்ஸி பாதையிலேயே நிற்க நேரிடும். உள்ளே விமானிகளின் பணிநேர வரம்பும் கரைந்துகொண்டிருக்கும். வரம்பு முடிந்துவிட்டால் வானம் தெளிந்தாலும் அவர்கள் பறக்கக் கூடாது. காலையில் தில்லியில் சிக்கும் விமானம்தான் மாலையில் கோயம்புத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ கிளம்ப வேண்டிய விமானம்; அங்கே வெயிலில் நிற்கும் பயணிக்கு, தில்லிப் பனியால் தாமதம் என்ற காரணம் நம்பும்படியாக இராது.

2024 ஜனவரி 14-ஐ எங்கள் துறையில் யாரும் மறக்கவில்லை. ஒரு முதன்மை ஓடுபாதை பராமரிப்பில் இருந்ததால், காட் 3 வசதியுடன் ஒன்றே பயன்பாட்டில் இருந்த வேளையில் கடும் பனி இறங்கியது. மறுநாளே இயக்குநரகம் வெளியிட்ட நடைமுறை, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக்கூடிய விமானங்களை முன்கூட்டியே ரத்து செய்ய நிறுவனங்களுக்கு இடமளித்தது. வீட்டில் இருக்கும்போதே முந்தைய இரவு செய்தி கிடைக்கும் பயணி வேறு வழி பார்த்துக்கொள்வார். விமான நிலையத்தில் ஏழு மணி நேரம் உட்கார்ந்த பிறகு அதே செய்தியைக் கேட்பவருக்கு நாம் எந்த ஈடும் செய்ய முடியாது.

ஜனவரி 12

இன்று தில்லியை விட்டுச் சென்னையைத் திட்டமிட்டோம், போகி வருகிறது. 2018-இல் போகியன்று காலை எழுந்த புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தைப் பல மணி நேரம் முடக்கின. நாட்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய இடையூறு இது. இரவுக் காற்றின் வேகத்தையும் ஈரப்பதத்தையும் மட்டும் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். தில்லியைப் போன்ற காட் 3 வசதி சென்னையில் இல்லாததால், பார்வைத்தொலைவு 550 மீட்டருக்குக் கீழே போனாலே சிக்கல் தொடங்கிவிடும். மாற்று நிலையமாகப் பெங்களூரைப் போட்டிருந்தார்கள். ஜனவரி விடியற்காலையில் கெம்பேகௌடா விமான நிலையத்திலும் பனி இறங்குவதுண்டு என்று சொல்லி அதை ஐதராபாத்துக்கு மாற்றச் செய்தேன்.

“காலை ஆறரை மணி விமானத்தை ஒன்பதுக்குத் தள்ளிவிடலாமா சார்? பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்” என்று அட்டவணைப் பிரிவிலிருந்து கேட்டார்கள். தள்ளிவிடலாம் என்றேன். பயணிகளுக்கான குறுஞ்செய்தி இரவு எட்டு மணிக்கே போய்விட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். காற்று எதிர்பார்த்ததைவிட வலுவாக வீசினால், நள்ளிரவு முன்னறிவிப்பைப் பார்த்துப் பிந்தைய விமானங்களை மட்டும் பழைய நேரத்துக்கே திருப்பிவிடுவோம். ஆறரை மணி விமானம் எப்படியானாலும் ஒன்பதுக்குத்தான் கிளம்பும்.