லண்டனில் யோபுவின் வலியைப் பார்த்த மதியம்

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அச்சோவியப் படிப்பறைக்குச் செல்லும் வழியை வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக், பைபிளில் சாத்தானின் சோதனைக்கு ஆளாகும் நீதிமான் யோபுவின் கதைக்குச் செதுக்கிய படங்கள் இன்னும் கண்ணைவிட்டு அகலாததால், அவற்றையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓவியர் ஜான் லின்னெல் 1823இல் பணித்ததன்பேரில் பிளேக் செதுக்கி, 1826இல் வெளிவந்த தொகுப்பு இது. தலைப்புப் பக்கம் நீங்கலாக 21 படங்கள். ஒவ்வொன்றும் ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தின் அளவுதான். ஆறாம் படத்தில் சாத்தான் யோபுவின் உடல்மீதே ஏறி நின்று, குப்பியிலிருந்து கொடிய பருக்களை ஊற்றுகிறான். காலடியில் மனைவி முகம் புதைத்து அழுகிறாள். “தேவனைத் தூஷித்து ஜீவனை விடும்” என்று சொன்னவளாகவே நாம் அறிந்த அந்தப் பெண்ணை, பிளேக் பெரும்பாலான படங்களில் கணவனின் பக்கத்திலேயே அமர்த்தியிருக்கிறார். எந்தப் பிரசங்கியாரும் அவளுக்கு இவ்வளவு நியாயம் செய்து நான் கேட்டதில்லை.

ஆனால் என்னை உலுக்கியது பத்தாம் படம். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் மூவரின் கைகளும் ஈட்டிகளைப்போல் ஒரே திசையில் யோபுவை நோக்கி நீள்கின்றன. நிறமே இல்லாமல், செப்புத் தகட்டில் உளி கீறிய கோடுகளை மட்டும் கொண்டு அவமானத்தை இப்படிக் காட்ட முடியுமென்றால், சாத்தானின் பருக்களைவிட நண்பர்களின் விரல்களே கொடியவை என்று சொல்லத் தயங்கமாட்டேன். முதல் படத்தில் மரத்தில் தொங்கும் இசைக்கருவிகளைக் கடைசிப் படத்தில் குடும்பமே எடுத்து வாசிக்கிறது என்பதையும் தவறவிடாதீர்கள்.

இத்தனைக்கும் அன்று இத்தொகுப்பு சரியாக விற்கவில்லை. வெளிவந்த மறு ஆண்டே பிளேக் காலமானார்.

இனி வயிற்றெரிச்சல். விக்டோரியா பேருந்து நிலையத்திலிருந்து கொட்டும் மழையில் ஏறிய வாடகைக் காருக்கு, மூன்று மைல்கூட இல்லாத தூரத்துக்கு, ஓட்டுநர் 40 பவுண்டு வாங்கினார். நம் பணத்தில் நான்காயிரம் ரூபாய்க்கு மேல், பட்டப்பகல் கொள்ளை! நகரப் பேருந்தில் அதே தூரத்துக்கு இரண்டு பவுண்டுகூட ஆகாது. அதனால் மதிய உணவு ஒரு சாண்ட்விச்சோடு முடிந்தது.

படிப்பறைக்குக் கட்டணம் இல்லை என்பதுதான் ஆறுதல். முன்பதிவு மட்டும் அவசியம். ஹோல்போர்ன் அல்லது டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.