மாத வருமானம் என்ற கட்டம்

வாகனக் கடன் விண்ணப்பத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிக்கொண்டு வருபவர்கள் ஒரு கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிடுவார்கள். ‘மாத வருமானம்’ என்று அச்சிட்ட கட்டம். பக்கத்தில் கணவரோ மனைவியோ இருந்தால் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். தனியாக வந்திருந்தால் என்னைப் பார்ப்பார்கள். "என்னோடதை மட்டும் எழுதணுமா மேடம், இல்ல வீட்டு வருமானத்தை எழுதலாமா?"

14 வருடமாக வாகனக் கடன் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வட்டி எவ்வளவு என்ற கேள்விக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். ஆரம்பத்தில் "உங்களோடது மட்டும்தான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். இப்போது அந்தக் கேள்வி வந்தால் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குகிறேன்.

வீட்டுக்குள் வருமானம் ஒன்றுதான். வாடகை ஒருவர் கணக்கிலிருந்து போகும், பள்ளிக் கட்டணம் இன்னொருவர் கணக்கிலிருந்து போகும், மாதக் கடைசியில் இரண்டு பேருமே சேர்ந்துதான் கையைப் பிசைவார்கள். ஆனால் கடன் கொடுப்பவர் வீட்டோடு ஒப்பந்தம் போடுவதில்லை, ஆளோடு போடுகிறார். கையெழுத்துப் போடாதவரின் சம்பளத்தைக் கணக்கில் சேர்த்தால் நாளை தவணை நின்றுபோனால் அவரிடம் போய்க் கேட்க முடியாது. அதனால்தான் சேர்ப்பதில்லை. துணையின் கணக்கிலிருந்து மாதாமாதம் தவறாமல் வரும் தொகையை வருமானமாக ஏற்கும் நிறுவனங்களும் சில உண்டு. அது அந்தந்த இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் தனியாக வந்தார். வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர். கணவர் மாதத்தில் பாதி நாள் வேலை நிமித்தம் வெளியூரில். பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவது, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது எல்லாம் இவர்தான். வண்டி ஓட்டப்போவது இவர், அதனால் வண்டி தன் பெயரில் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தார். நியாயம்தானே.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு 100-லும் அவர் சம்பாதிப்பது 25. அவர் கேட்ட கடனுக்கு மாதத் தவணை 17 வந்தது. வீட்டுக்கு அது பெரிய பாரம் இல்லை. ஆனால் அவருடைய 25-இல் 17 என்றால் 68 சதவீதம். எங்கள் நிறுவனத்தில் ஒருவருடைய எல்லாத் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விதி. கணினியில் சிவப்பு விழுந்தது. அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நான் வீட்டில சும்மா இருக்கேன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுதா மேடம்?"

இந்த இடத்தில் எங்களைப் போன்றவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு பதில் இருக்கிறது. "வீட்டுக்காரரை ஒரு தடவை வரச் சொல்லுங்க." அவர் வந்தால் கோப்பு அவர் பெயருக்கு மாறும், பத்து நிமிடத்தில் பச்சை விழும், எங்களுக்கும் மாத இலக்கில் ஒன்று கூடும். நானும் எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. அதற்குக் காரணம் நான் இந்தத் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடத்தில் நடந்த ஒரு காரியம்.

அப்போது வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். ஒரு தம்பதி வந்தார்கள். அங்கே நிலைமை தலைகீழ்: மனைவிக்குத்தான் நிலையான நல்ல சம்பளம். கணவர் புதிதாகத் தொழில் தொடங்கியிருந்தார், வருமானத்தைக் காட்ட ஆவணம் போதவில்லை. மனைவியை இணைக் கடன்தாரராகச் சேர்த்தால் போதும் என்றார் என் மேலாளர். சேர்த்தோம். வண்டிப் பதிவு கணவர் பெயரில் மட்டும். நான் பக்கம் பக்கமாகப் புரட்டி, பென்சிலில் குறி போட்ட இடங்களைக் காட்ட, அந்தப் பெண் மடமடவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். மொத்தம் 60 தவணை.

19 தவணை ஒழுங்காக வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நோட்டீஸ் அந்தப் பெண்ணுக்குப் போயிற்று. கையில் காகிதத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "பாதியை நான் கட்டிடறேன், மீதி அவரோடது" என்றார். பாதி என்று ஒன்று கிடையாது என்பதை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். இணைக் கடன்தாரர் என்றால் இரண்டு பேரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் அத்தனையையும் கட்ட வேண்டும். வண்டி யாரிடம் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்பது கடன் கணக்குக்குச் சம்பந்தமே இல்லை. பிரிவும் அந்த ஒப்பந்தத்தைத் தொடாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு நீங்க இதைச் சொல்லவே இல்லையே" என்றார்.

சொல்லவில்லைதான். ஒப்பந்தத்தில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று நான்கு இடத்தில் அச்சாகியிருந்தது. அந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். தன்னிடம் இல்லாத ஒரு வண்டிக்காக அவர் 41 தவணை கட்டினார். ஒவ்வொரு மாதமும் அவர் கணக்கில் பணம் வந்து விழுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேர் சேர்ந்து வந்தால் யார் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று பார்த்து அவர் பக்கம் திரும்பிப் பேசுவதை விட்டுவிட்டேன். இருவரிடமும் சமமாகப் பேசுவேன். ஜாமீன்தாரர் வேறு, இணைக் கடன்தாரர் வேறு என்பதிலிருந்து தொடங்குவேன். இணைக் கடன்தாரருக்கு முதல் நாளிலிருந்தே அது தன் கடன். ஜாமீன்தாரருக்கு, வாங்கியவர் தவறினால்தான் கடன் வந்து சேரும். ஆனால் ஜாமீன் என்றால் பேருக்கு ஒரு கையெழுத்து என்று நினைப்பது ஆபத்து. பல இடங்களில், வாங்கியவரைத் துரத்தி ஓய்ந்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொன்றும் உண்டு. துணைக்காகப் போட்ட கையெழுத்து, பின்னால் வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது உங்கள் தகுதியைக் குறைக்கலாம். அந்தத் தவணையை உங்கள் சுமையாகவும் எண்ணிவிடுவார்கள்.

கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒருவர் எவ்வளவு நம்பகமாகக் கட்டுவார் என்று காட்டும் மதிப்பெண் பற்றி நிறையப் பேருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சம்பளம் அதிகம் என்றால் ஸ்கோரும் அதிகம் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் ஃபைக்கோ மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், இப்போதுள்ள கடன் சுமைக்கு 30, கடன் வரலாறு எவ்வளவு பழையது என்பதற்கு 15, புதிதாகக் கேட்ட கடன்களுக்கு 10, கடன் வகைகளுக்கு 10. கூட்டினால் 100 வந்துவிட்டது. சம்பளத்துக்கு அதில் இடமே இல்லை. கல்யாணத்தால் இரண்டு பேர் ஸ்கோரும் ஒன்றாகிவிடுவதும் இல்லை. குடும்பத்தில் குறைவாகச் சம்பாதிப்பவரின் ஸ்கோர் பளிச்சென்று இருப்பதையும், பெரிய சம்பளக்காரர் கிரெடிட் கார்டு பாக்கியை மறந்து மறந்து ஸ்கோரைக் கெடுத்து வைத்திருப்பதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆண்கள் வருவார்கள். மனைவி சம்பாதிக்கிறார் என்று சொல்வதற்குள் குரல் தாழ்ந்துவிடும். பழைய வேலையில் வாங்கிய சம்பளத்தையே இன்னும் வாங்குவதுபோல் எழுதிவிட்டால் என்ன என்று ஒருவர் என்னிடம் மெல்லக் கேட்டார். பொய் எழுதிக் கடன் வாங்கினால் அது மோசடி, கடனைத் திரும்பக் கேட்கவும் வழக்குப் போடவும் அது வழிவிடும் என்று சொன்னேன். அவர் பார்க்கும் வேலையும் வேலைதான் என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் அவரை அனுப்ப மனம் வரவில்லை. காப்பீட்டிலும் இப்படித்தான். வண்டியை முக்கியமாக ஓட்டுபவர் யார் என்று கேட்கும் இடத்தில் சம்பாதிப்பவர் பெயரைப் போட்டுவிட்டு வேறொருவர் தினமும் ஓட்டினால், விபத்து நடந்த அன்றைக்கு இழப்பீடு மறுக்கப்படலாம்.

சரி, பாடம் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். தவணையைக் குறைக்க முதலில் எல்லோருக்கும் தோன்றுவது காலத்தை நீட்டுவது. அவரும் அதைத்தான் கேட்டார். 60 மாதத்தை 84 ஆக்கினால் 17 என்ற தவணை 13-க்குச் சற்று மேலே வந்து நின்றது. அவருக்கு அனுமதியுள்ள எல்லை 12.5. அப்போதும் எல்லைக்குள் வரவில்லை, வட்டிதான் ஏறியது. ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். குறையும் நிலுவைக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், வாங்கும் ஒவ்வொரு 100-க்கும் 3 வருடத்தில் திருப்பிக் கட்டுவது 116. 5 வருடத்தில் 127. 7 வருடத்தில் 139. (இதே 10 சதவீதத்தை ஃபிளாட் வட்டி, அதாவது நிலுவை குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் போடும் வட்டி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 5 வருடத்தில் 150 கட்ட வேண்டியிருக்கும். உண்மையில் அது 17 சதவீத வட்டி.)

"அப்போ அவர் கையெழுத்துப் போட்டாத்தான் ஆகுமா?" என்று கேட்டார்.

அது ஒரு வழி. இன்னொரு வழி, கடன் தொகையைக் கால் பங்குக்குச் சற்று மேலே குறைப்பது. அப்படிக் குறைத்தால் 60 மாதத்திலேயே தவணை 12.5-க்குள் வந்துவிடும், அவர் வருமானமே போதும். கணவரின் சம்பளம் கையெழுத்தாக வராமல் முன்பணமாக வரலாம். இதை நாங்கள் யாரும் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை, ஏனென்றால் கடன் தொகை குறைந்தால் எங்களுக்குக் கணக்கில் குறையும். நான் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்துக் கணவரோடு வந்தார். நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டேன். பெரிய சம்பளம் மூன்று மாதம் நின்றுபோனால் இந்த வீடு என்ன செய்யும்? அவர் உடனே பதில் சொல்லவில்லை. மனைவியைப் பார்த்தார். அப்புறம், "அதை நாங்க பேசினதே இல்ல மேடம்" என்றார். என் மேசை முன்னாலேயே இருவரும் பேசினார்கள். சேமிப்பில் எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவைத் தொடக் கூடாது, புது வண்டிதான் வேண்டுமா, நன்றாகப் பராமரித்த பழைய வண்டி போதாதா என்று எல்லாவற்றையும் பேசினார்கள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். பக்கத்து மேசைக்கு அனுப்பிவிட்டேன்.

கடைசியில் கொஞ்சம் சிறிய வண்டி, கொஞ்சம் கூடுதல் முன்பணம் என்று முடிவாயிற்று. கடன் அந்தப் பெண் ஒருவர் பெயரில், வண்டியும் அவர் பெயரில். இதில் இருக்கும் ஆபத்தையும் அவரிடம் மறைக்கவில்லை. கணவர் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும் வரைதான் தன் வருமானத்தில் பாதியைத் தவணைக்குக் கொடுக்க அவரால் முடியும். அது மாறினால் தாங்குவது கஷ்டம், அப்போது கடனுக்குப் பொறுப்பு இவர் மட்டுமே. "தெரியும் மேடம், யோசிச்சுட்டேன்" என்றார். கணவர் சிரித்துக்கொண்டே, "வாடகை என்னோடது, எழுதியே தரேன்" என்றார். அவர் எழுதி வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. வாங்கியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

ஒப்பந்தத்தை அவர் ஒரு பக்கம் விடாமல் படித்தார். ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்ற இடத்தில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். இணைக் கடன்தாரர் இல்லாததால் அந்தப் பகுதி அவருக்குப் பொருந்தாது. இருந்தாலும் முழுதாக விளக்கினேன், கணவரையும் கேட்கச் சொன்னேன். மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. விண்ணப்பத்தைப் புதிதாக எழுதும்போது அந்தக் கட்டம் மறுபடி வந்தது. அவர் என்னையும் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. தன் வருமானத்தை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.